மூன்றாம் எண் பார்வை முனை

குளிர் விலகி, வெயில் இன்னும் முழுதாகப் பொறுப்பேற்காத வாரங்களில் பறவை பார்ப்பது குடிமக்களுக்கு உகந்தது என்று ஈரநில அலுவலகம் அறிவித்தது. குடிமக்களும் தட்டாமல் ஏற்றுக்கொண்டார்கள். போன ஆண்டு இதே குடிமக்கள் இதே கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தின ஆண்டு சைக்கிள் மிதித்தார்கள். இந்த ஆண்டு அசையாமல் நின்றார்கள். கழுத்தில் பைனாகுலர், தலையில் கயிறு வைத்த தொப்பி, உடம்பில் மண் நிறச் சட்டை. மண் நிறம் போட்டால் பறவையின் கண்ணுக்கு மனிதன் தெரியமாட்டானாம். கடைகளில் மண் நிறம் தீர்ந்த பிறகு வந்தவர்கள் மஞ்சள் சட்டை வாங்கிக்கொண்டு, அந்தக் குறையை மிகவும் தாழ்ந்த குரலில் பேசி ஈடுகட்டினார்கள்.

இவர்களுக்காக அலுவலகம் ஒரு பார்வைக் கோபுரமும் கட்டிக் கொடுத்தது. கோபுரத்தின் முகம் சாலையைப் பார்த்திருந்தது. திறந்துவைக்க வருகிறவர்கள் சாலை வழியாகத்தான் வருவார்கள் என்பதால் அந்த ஏற்பாடு. சதுப்பு இருந்த பக்கம் முழுச்சுவர். அந்தச் சுவரில் சதுப்பையும் அதில் மேயும் பறவைகளையும் மிக அழகாக வரைந்திருந்தார்கள். மேலே ஏறியவர்கள் லாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, படத்தின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

உண்மையான சதுப்பு நன்றாகத் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் வீட்டுக் குளியலறை.

தெருவின் கடைசிக் கட்டடம், இரண்டாம் மாடி. கீழ் வீட்டுக்காரர்களுக்கு மதில் மறைத்தது. மொட்டை மாடியில் செல்போன் கோபுரம் இருந்ததால் அங்கே ஏற வேறொரு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். எங்கள் குளியலறையில் மட்டும், கமோடின் மூடிமேல் ஏறி நின்று சின்னச் சன்னலைத் தள்ளினால், மதிலுக்கு அப்பால் சேறும் சேற்றுக்கு அப்பால் கடலும் தெரியும். சேற்றில் கூட்டங்கூட்டமாக வளைமூக்கு உள்ளான்கள், சாம்பல் நிறத்தில், தையல் மெஷின் ஊசி போல அலகை இறக்கி இறக்கி எடுத்துக்கொண்டிருக்கும். நான் விலங்கியல் படித்தவள் என்பதால் பல் தேய்க்கும்போது அவற்றைப் பார்ப்பேன். வீட்டில் மற்றவர்களுக்கு அந்த மூடியிடம் வேறு வேலை இருந்தது.

நாங்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அக்கா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. குளியலறை ஒன்று, கழிப்பிடமும் அதற்குள்ளேயேதான். அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். அத்தான் கப்பலில் வேலை பார்த்ததால் எங்களோடு இருந்தாள். டாக்டர் அவளைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தார். படி ஏறி இறங்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். அக்கா டாக்டர் சொல்லைத் தட்டாதவள். அதனால் அவளுடைய நாள் முழுவதும் கட்டிலுக்கும் குளியலறைக்கும் இடையில் கழிந்தது.

சித்தப்பாவிடம் ஓடுகிற ஷூவும் ஓடாத சைக்கிளும் ஏற்கெனவே இருந்தன. இந்த ஆண்டு உடம்பெல்லாம் பை வைத்த கோட்டு ஒன்று வாங்கினார். ஒருநாள் காலையில் குளிக்கப் போனவர், உள்ளான் கூட்டத்தைப் படம் பிடித்து, ‘எங்கள் வீட்டிலிருந்து’ என்று முகவரியோடு எல்லோருக்கும் அனுப்பிவைத்தார்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் மூன்று பேர், செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்கள்.

"பறவை இங்கதானே?" என்று முன்னால் நின்ற தொப்பிக்காரர் கிசுகிசுத்தார்.

"யாரு வேணும் உங்களுக்கு?" அம்மா சாதாரணக் குரலில்தான் கேட்டாள்.

"ஷ்ஷ்," என்றார்கள் மூவரும்.

அந்த வாரக் கடைசிக்குள் வரிசை மாடிப்படியில் இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. குளியலறையில் டெலஸ்கோப் நிறுத்தினார்கள். அதன் ஒரு கால் வாளிக்குள் நின்றது. சோப்புப் பெட்டியில் பறவைப் புத்தகம் இருந்தது. தண்ணீர் ஊற்றினால் பறவை மிரளும் என்று அப்பாவைக் குளிக்க விடவில்லை. துணி அலசினால் மிரளும் என்று அம்மாவை விடவில்லை. அக்கா உள்ளே போனால் வெளியே நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"என்னம்மா, பட்டாணி உப்புக்கொத்திப் பறவை கிடைச்சுதா?" என்று ஒரு மஞ்சள் சட்டைக்காரர் அவளிடம் கரிசனத்தோடு கேட்டார்.

"நான் எதையும் தேடிப் போகலைங்க," என்றாள் அக்கா.

அப்பா இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். முறைப்படி எழுதினால் எதுவும் நடக்கும் என்று நம்புகிறவர். ஈரநில அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். மறுநாளே அலுவலர் ஒருவர் நேரில் வந்தார். புகார் கொடுத்த மறுநாள் ஓர் அலுவலர் வீடு தேடி வந்ததை அப்பா எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. பூரித்துப்போனார். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அலுவலர் மூடிமேல் ஏறி நின்று நெடுநேரம் பார்த்தார். இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கோபுரத்துலேருந்து ஒண்ணுமே தெரியலைன்னு மேலிடத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க சார். வயித்துல பாலை வார்த்தீங்க."

"நான் இந்தக் கூட்டத்தை வெளியேத்தணும்னு எழுதியிருந்தேன்."

"படிச்சேன் சார். அனுமதி இல்லாம இத்தனை பேர் வர்றது தப்புதான். இனிமே அனுமதியோட வருவாங்க."

சாயங்காலம் குளியலறைக் கதவில் பலகை ஏறியது: ‘பார்வை முனை எண் 3. அமைதி காக்கவும். நீர் ஊற்றுதல் தடைசெய்யப்பட்டுள்ளது.’

"ஒண்ணாவதும் ரெண்டாவதும் எங்க இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"திட்டத்துல இருக்கும்மா."

கதவருகே காவலாளி ஒருவரை உட்காரவைத்தார்கள். பொழுது விடிந்து பொழுது சாயும் வரை முனை அலுவலகத்தின் பொறுப்பில். மீதி நேரம் எங்கள் பொறுப்பில். அக்காவின் உடம்பு இந்தப் பங்கீட்டுக்கு ஒத்துழைக்கவில்லை. அலுவலரிடமே நேராகக் கேட்டாள்.

"கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை உண்டும்மா," என்றார் அலுவலர் கனிவோடு. "நீங்க வரிசையில நிற்கவே வேண்டாம். நேரா உள்ளே போகலாம்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "உள்ளே போய்?"

"பறவை பார்க்கலாம்."

"அப்புறம்?"

"வெளியே வந்துடணும்."

"சார், நான் பறவை பார்க்கப் போகலை."

"அப்படீன்னா முன்னுரிமை பொருந்தாதும்மா. அது பார்வையாளருக்குத்தான்."

அன்றிலிருந்து அக்கா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, தரைத்தளத்து டீச்சர் வீட்டுக்குப் போய்வந்தாள். திரும்பி ஏறும்போது, படியில் நின்ற வரிசை அவளுக்கு வழிவிடத் தயங்கியது. பின்னால் நிற்கிறவர் யாரோ குறுக்கே புகுகிறார் என்று நினைத்தார்கள். ஒருமுறை பாதிப் படியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்றவர் அவள் கையில் பைனாகுலரைக் கொடுத்து ஆறுதல் சொன்னார்.

அம்மா அன்று இரவு சித்தப்பாவுக்குச் சோறு போட்டபோது தட்டு மேசையில் விழுந்த சத்தம், எந்தப் பறவையையும் மிரளவைத்திருக்கும்.

"இவ படியில விழுந்தா உங்க தொப்பிக்காரர் வந்து தூக்குவாரா, தம்பி?"

"அண்ணி, இந்த மாதிரி ஒரு இடம் கிடைக்கிறது நம்ம குடும்பத்துக்கே பெருமை."

"பெருமையை எங்க போய் இருந்துட்டு வர்றது?"

சித்தப்பா தலை குனிந்து சாப்பிட்டார்.

அப்பா மறுபடி அலுவலரைப் பார்த்தார். "இது எப்பதான் முடியும்?"

"அனுமதி சாம்பல் நிற உள்ளானுக்குத்தான் சார். இளவேனில் வந்ததும் அது வடக்கே கிளம்பிடும். போன நிமிஷமே முனை காலாவதி."

ஆகவே நாங்கள் இளவேனிலுக்குக் காத்திருந்தோம். எந்தக் காதலரும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். இளவேனிலும் வந்தது. வந்து, உள்ளான்களை எல்லாம் செங்கல் நிறமாக்கியது.

"சிவப்பு," என்று சித்தப்பா மூடிமேலிருந்து தழுதழுத்தார். "எல்லாமே சிவப்பு. புது இனம் வந்திருக்கு."

வரிசை தெருமுனையைத் தாண்டியது. அலுவலர் ஓடிவந்தார். சாம்பல் உள்ளான்கள் அலுவலகம் குறித்தபடியே புறப்பட்டுவிட்டன என்றும், சிவப்பு உள்ளான்களுக்குப் புது அனுமதி உடனே வழங்கப்படும் என்றும் அறிவித்தார்.

நான் வெளி ஆட்களிடம் பேசுகிறவள் இல்லை. ஆனால் அக்கா படியிறங்கத் தயாராகி நின்றுகொண்டிருந்தாள்.

"சார், இது அதே பறவைதான். கிளம்புறதுக்கு முன்னாடி இறகு நிறம் மாறும்."

அலுவலர் என்னை மரியாதையோடு பார்த்தார். "அதே பறவையா? அப்போ அது இன்னும் போகலை. பழைய அனுமதியே தொடரும்."

"வேற பறவைன்னா?" என்றார் அப்பா.

"புது அனுமதி."

"இந்த ரெண்டுல எதுல நான் உள்ளே போகலாம்?" என்று அக்கா கேட்டாள்.

அவர் உண்மையாகவே யோசித்தார். நல்ல மனிதர். "அதுக்கு விதியில இடம் இல்லைம்மா," என்றார் வருத்தத்தோடு.

மேலதிகாரி முனையைப் பார்வையிட வருவதாக நாள் குறித்தார்கள். அன்று விடியற்காலையில் பல் தேய்க்கப் போன நான் சன்னலைத் தள்ளினேன். சேறு வெறுமையாக இருந்தது. ஒன்றுகூட இல்லை. அலைக்கும் மதிலுக்கும் நடுவில் ஈரம் மட்டும் பளபளத்தது.

அப்பா வாசலிலேயே நின்று அலுவலரை வரவேற்றார். "போயிடுச்சு சார். பலகையைக் கழட்டிடலாம்."

அலுவலர் முகம் வெளிறியது. "இன்னிக்கா போகணும்? அவர் கிளம்பிட்டாரே."

"பறவை போயிடுச்சுன்னு சொல்லிடுங்க."

"எங்களைக் கேட்காம எப்படிப் போச்சுன்னு கேட்பார் சார்."

இவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் காவலாளி அலுவலருக்கு வணக்கம் வைக்க எழுந்து நின்றார். அந்த இடைவெளியில் அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மேலதிகாரி மாலையும் கழுத்துமாக வந்து நின்றபோது கதவு சாத்தியிருந்தது. பின்னால் சித்தப்பா, தொப்பிக்காரர், மற்ற பார்வையாளர்கள். அலுவலர் கதவைத் தட்டினார்.

"யாரும்மா உள்ளே?"

"பார்வையாளர்," என்றது அக்காவின் குரல். "கர்ப்பிணி. முன்னுரிமை."

"என்ன பார்க்கிறீங்க?" என்று மேலதிகாரியே கேட்டார்.

அக்காவுக்குக் காக்கையைத் தவிர மற்றதெல்லாம் குருவி.

"பெரிசா ஒண்ணு நிக்குது. கால் நீளம். தலையில கொண்டை."

வெளியே பேனாக்கள் திறந்தன.

"நிறம்?"

"ஊதா. இல்லை, இருங்க, திரும்புது. ஊதாதான்."

"ஊதாக் கொண்டை நாரை," என்று தொப்பிக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார். போன வாரத்திலிருந்தே தமக்கு அந்தச் சந்தேகம் இருந்ததாகவும் சொன்னார். சித்தப்பா தாம் நேற்றே பார்த்துவிட்டதாகவும், அடக்கம் கருதிச் சொல்லவில்லை என்றும் தெரிவித்தார். அக்கா அவசரப்படவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு இனங்களை நிதானமாகச் சொன்னாள். நடுநடுவே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

"எத்தனையோ முனைக்குப் போயிருக்கேன்," என்றார் மேலதிகாரி, சாத்திய கதவை உற்றுப் பார்த்தபடி. "இவ்வளவு தெளிவா எங்கேயும் பார்த்ததில்லை."

இனிமேல் கூட்டம் உள்ளே போய்ப் பறவைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றும், வீட்டார் ஒருவர் மட்டும் உள்ளே இருந்து சொல்ல, மற்றவர்கள் வெளியே நின்று காண வேண்டும் என்றும் அங்கேயே உத்தரவிட்டார்.

பத்து நாளில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அலுவலர் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார்.

"குழந்தை அம்மா ஜாடை. சரி, நாளைக்கு யாரு பார்க்கிறது?"

"நான் பார்க்கிறேன்," என்றாள் அம்மா, யோசிக்காமல். அம்மா நிம்மதியாகக் குளித்து ரொம்ப நாளாகியிருந்தது. வெந்நீரோடு உள்ளே போனாள். அவள் பார்த்த பறவைகள் எல்லாம் குண்டாக, மெதுவாக நடந்தன. அடுத்தடுத்த நாட்களில் அப்பா செய்தித்தாளோடு போய்ப் பார்த்தார். பேப்பர் தடிமனாக வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இனங்கள் கூடின. வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முனைக்குச் சிறந்த முனை என்று பரிசும் கிடைத்தது.

நேற்று என் முறை. தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டு, பழக்கத்தில் மூடிமேல் ஏறிச் சன்னலைத் தள்ளினேன்.

சேற்றில் ஒரு உள்ளான் நின்றது. செங்கல் நிறம். கூட்டத்தோடு கிளம்பியது பாதி வழியில் திரும்பியிருக்க வேண்டும். ஒரு இறக்கை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டடி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அலை ஏறிக்கொண்டிருந்தது.

"வளைமூக்கு உள்ளான்," என்றேன். "ஒண்ணே ஒண்ணு."

வெளியே பேனா அசையவில்லை.

"வேற?" என்றார் தொப்பிக்காரர்.

"இறக்கையில அடிபட்டிருக்குங்க. யாராவது மதிலைச் சுத்திப் போனா எடுத்துடலாம்."

"உள்ளான்தான் ஏற்கெனவே பட்டியல்ல இருக்கேம்மா. வேற ஏதாவது தெரிஞ்சா சொல்லு. இல்லைன்னா வெளியே வா, உங்க அம்மா பார்க்கட்டும்."

நுரை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாளியில் வெந்நீர் இன்னும் ஆவி விட்டது. நான் இன்னொரு தடவை வெளியே பார்த்தேன். பிறகு சன்னலைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

"பூநாரை," என்றேன். "தங்க நிறத்துல. குஞ்சோட வருது."

பேனாக்கள் ஓடத் தொடங்கின.

"அவசரமில்லைம்மா," என்றார் தொப்பிக்காரர் மிகவும் தாழ்ந்த குரலில். "நிதானமாப் பாரு."