மிஸ் வெட்ஸலைப் பாஸ் போடாதீர்கள்

சோர்வுட் கிரீக், கென்டக்கி
அக்டோபர் பதினொன்று, ஞாயிறு

பெருமதிப்பிற்குரிய பல் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களின் சமுகத்துக்கு, சோர்வுட் கிரீக் ஹோபர்ட் ராட்லிஃப் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஓப்பலும் சுகம். பசுவும் சுகம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், எல்லோருடைய கடைவாய்ப் பற்களும், நலமாயிருக்க ஞாயிறுதோறும் பிரார்த்திக்கிறேன். இந்த ஞாயிறு தொடங்கி.

நிற்க. எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு ஆறு வாரத்துக்கு ஒருவராகத் தங்கள் மாணவர்களை அனுப்பிவைக்கிறீர்கள் அல்லவா, அந்த வரிசையில் இப்போது இருப்பவர் ஜோன் வெட்ஸல் என்னும் பெண். வரும் வெள்ளியோடு அவருக்கு ஆறு வாரம் முடிகிறது. அவரைப் பற்றி நோயாளி ஒருவர் எழுதித் தரவேண்டிய தாளை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று, 'பணிக்குத் தயார்'. மற்றொன்று, 'இதே இடத்தில் மேலும் பயிற்சி தேவை'. நான் இரண்டாவது கட்டத்தில் மைப் பேனாவால் அழுத்திக் குறி போட்டிருக்கிறேன். அவரைப் பாஸ் போடாதீர்கள். எங்களிடமே திருப்பி அனுப்புங்கள். ஒரு வருஷம் ஆனாலும் நாங்கள் பொறுத்துக்கொள்வோம்.

நான் நாற்பத்தொரு வருஷம் மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டவன். இப்போது சந்தையிலிருந்து ஓய்வு, ஆனால் அக்டோபர் முதல் சனிக்கிழமை எங்கள் தீயணைப்புப் படைக்காக நடக்கும் பைப் பலகார ஏலத்தை மட்டும் கைவிட்டதில்லை. ஊர்ப் பெண்கள் மாவுக்குள் பழமோ கொட்டையோ வைத்துப் பை சுட்டு எடுத்து வருவார்கள், நான் கூவுவேன், வருகிற காசில் வண்டிக்கு டயர் மாற்றுவார்கள். பிப்ரவரியில் என் மேல்வரிசைப் பல் மொத்தமும் போய்விட்டது. பல் செட் கட்டிக்கொள்ளப் போனேன். முதலில் இருந்த நெட்டைப் பையன் வாயில் அச்சு எடுத்தான், எடுத்த கையோடு அவனுக்கு ஆறு வாரம் முடிந்து போய்விட்டான். அடுத்து வந்தவள் அந்த அச்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை நம்பி நான் கட்ட மாட்டேன்"னு மறுபடி எடுத்தாள், போய்விட்டாள். மூன்றாவது ஆள் கடி அளவு எடுத்தான், அவனும் போனான். நடுவில் கோடை விடுமுறை, யாரும் வரவில்லை. வருகிற ஒவ்வொருத்தரும் "முதல்ல வாயைத் திறங்க, ஆரம்பத்துலேருந்து பாத்துடலாம்"னு தொடங்குவாங்க. எங்க ஊர் கோர்ட்டு கடிகாரத்தைப் பாத்தவங்களைவிட என் வாயைப் பாத்தவங்க ஜாஸ்தி. செப்டம்பர் தொடக்கத்தில் நாலாவதா வந்தவங்கதான் இந்த வெட்ஸல்.

இவங்களோட முதல் குறை, வேகம் கிடையாது. இவங்களை மேற்பார்வை பண்ற எங்க டாக்டர் ப்ரூயிட் நல்லா இருந்த காலத்துல மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள பதினாலு பல் பிடுங்குவார், ஒருத்தர் பேரும் கேட்க மாட்டார். இந்தப் பொண்ணு உட்காந்து பேசுது. இருபத்தேழு வருஷமா பல் டாக்டர்னா வாயைத் திறக்காத என் ஓப்பல்கிட்ட, "உங்களுக்கு எதைக் கண்டா பயம்?"னு கேட்டுதாம். ஓப்பல் முக்கால் மணி நேரம் சொன்னாளாம். அதுல பாதி பல்லைப் பத்தி, மிச்சம் என்னைப் பத்தி. அதுக்கப்புறம் நாலு தடவை தானா போய்ட்டு வந்துட்டா. நான் கூப்பிட்டா கடைக்குக்கூட வராதவ.

அப்புறம் கிளெம் ஸ்டம்போ விவகாரம். கிளெம் முப்பது வருஷம் சுரங்கத்துக்குள்ள மலை இடிஞ்சு விழும்னு தெரிஞ்சே இறங்கினவன். பல் நாற்காலியைப் பாத்தா மட்டும் ஓடுவான். ரெண்டு தடவை கழுத்துல கட்டின துணியோட ஓடிட்டான். மூணாவது தடவை ஓடினப்ப இந்தப் பொண்ணு பின்னாடியே போயி அவன் பிக்கப் வண்டியில பக்கத்து சீட்டுல ஏறி உட்காந்துடுச்சு. "வண்டியை நீங்க எடுக்கணும்னா எடுங்க மிஸ்டர் ஸ்டம்போ, நான் டார்ச் அடிச்சுப் பாக்கறேன், அவ்வளவுதான்"னுச்சாம். இன்ஜின் ஓடிட்டே இருக்கு, கிளெம் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி வாயைப் பிளந்துட்டு இருக்கான், டாக்டர் ப்ரூயிட் முட்டி வலியோட வாசலுக்கு வந்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக் கையெழுத்துப் போடறார். இதைத்தான் உங்க கல்லூரியில சொல்லித் தர்றீங்களா? அடுத்த வாரம் கிளெம் நாற்காலியிலேயே உட்காந்துட்டான். ஊருக்கு இருந்த ஒரே வேடிக்கையும் போச்சு.

சோடா விவகாரத்தை நான் பெருசு பண்ணலை. சோடா பல்லை அரிக்கும்னு இந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துல போய் என்ன பேசிச்சோ, சர்ச் விருந்துல அவரைக்கொட்டையும் சோள ரொட்டியும் மட்டும் பழையபடி இருக்கு, சோடாப் பெட்டி இருந்த இடத்துல தண்ணி. பிரசங்கியாரே தண்ணி குடிக்கிறார். அவர் முகத்தைப் பாத்தா பாவமா இருக்கு.

இப்ப முக்கியமான புகாருக்கு வர்றேன். ஏலத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, வியாழக்கிழமை, மிஸ் வெட்ஸல் என் வாயில பல் வரிசையை வெச்சுக் கண்ணாடி காட்டினாங்க. அச்சு அசல் பல். நான் கண் கலங்கிட்டேன், அதை ஒத்துக்கறேன்.

"இது வெறும் வெள்ளோட்டம், மிஸ்டர் ராட்லிஃப். மெழுகுல நட்டு வெச்சிருக்கேன். வீட்டம்மாகிட்ட காட்டி, பிடிச்சிருக்கான்னு கேட்டுட்டு நாளைக்குக் காலையில கொண்டுவந்துடுங்க. இதை வெச்சுத் திங்கக் கூடாது, சூடா குடிக்கக் கூடாது, வேகமா பேசக் கூடாது. எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

"ஏம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"எனக்கு இருக்கு. ஓப்பல் அம்மாதான் நம்பாதேன்னாங்க."

வெள்ளிக்கிழமை நான் போகலை. சனிக்கிழமை சாயங்காலம் அந்த மெழுகுப் பல்லோட மேடை ஏறிட்டேன். முப்பது வருஷமா விடாம கூவினவன் இந்த வருஷம் மட்டும் பொக்கை வாயோட கீழே உட்காந்திருக்கறதா? முதல் நாலு பை அருமையா போச்சு. தொண்டை காய்ஞ்சுதுன்னு யாரோ காபி கொடுத்தாங்க, பழக்க தோஷம், ஒரே மூச்சுல குடிச்சுட்டேன். பிளாக்பெர்ரி பைக்கு வரும்போது முன்னாடி ரெண்டு பல்லும் ஒண்ணுமேல ஒண்ணு சாய ஆரம்பிச்சுது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. ஓப்பலோட பீக்கன் கொட்டைப் பை வந்துச்சு. "பதினஞ்சு பதினஞ்சு பதினஞ்சு, யாரு இருபது"ன்னு நான் இழுத்த இழுப்புல ஒரு பல் பறந்து போயி நேரா அந்தப் பைமேல குத்திட்டு நின்னுச்சு.

 மூணாவது வரிசையிலேருந்து மிஸ் வெட்ஸல் எழுந்து மேடைக்கு வந்தாங்க. கோபமா ஒரு வார்த்தை? இல்லை. முள்கரண்டியால பல்லை எடுத்துக் கைக்குட்டையில வெச்சுக்கிட்டு, ஊர் முன்னாடி என் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணினாங்க. "வாயில பதினொண்ணு. இங்க ஒண்ணு. மிச்சம் ரெண்டு எங்க?" தீயணைப்புப் படை மொத்தமும் மேஜைக்கு அடியில முட்டி போட்டுத் தேடிச்சு. ஒண்ணு கிடைச்சுது. இன்னொண்ணை கிளெம் தன் தட்டுலேருந்து எடுத்துக் கொடுத்தான், பாதாம்னு நெனச்சு ஒதுக்கி வெச்சிருந்தானாம். அதுக்கப்புறம் நான் காதுல முணுமுணுக்க, மைக்கைப் பிடிச்சு மிஸ் வெட்ஸலே மிச்ச ஏலத்தையும் விட்டாங்க. பல் குத்தின பைக்கு வந்த கிராக்கி எந்த வருஷமும் எந்தப் பைக்கும் வந்ததில்லை. இந்தத் தலைகுனிவுக்கெல்லாம் யார் காரணம்? என்னை நம்பி அனுப்பினாங்க பாருங்க, அவங்கதான். அனுபவம் இருந்தா நம்பியிருப்பாங்களா? அதுக்குத்தான் மேலும் பயிற்சி தேவைங்கறேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை முழுக்க உட்காந்து திரும்ப நட்டாங்க. புதன்கிழமை அசல் செட் வந்துடுச்சு. அது என் வாய்க்கு எப்படிப் பொருந்தியிருக்குன்னா, எட்டு மாசமா எனக்கு இருந்த ஒரே பேச்சு விஷயம் ஒழிஞ்சுபோச்சு.

ஐயா, உள்ளதைச் சொல்லிடறேன். நிலையத்துக் கதவுல 'பல் மருத்துவர் தேவை'ன்னு ஒரு விளம்பரம் ஒட்டிப் பதினோரு வருஷம் ஆச்சு. எழுத்து வெளுத்து, இப்ப 'தேவை' மட்டும்தான் தெரியுது. டாக்டர் ப்ரூயிட் வர்ற கோடையோட நிறுத்திக்கறேன்னுட்டார். அவர் இல்லேன்னா மாணவர்களும் வர முடியாது. நீங்க அனுப்பற பிள்ளைங்க நல்ல பிள்ளைங்கதான். பேரைக் கத்துக்கறதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துடுது. இந்த வெள்ளிக்கிழமை வேண்டாம்னுதான் இதை எழுதறேன். ஆகவே மேற்கண்ட குறைகளைத் தயவுடன் கருதி, இவரை ஃபெயிலாக்கி இங்கேயே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கல்லூரி செழிக்கவும், தங்கள் வீட்டில் யாருக்கும் பல்வலி என்பது பிறர் சொல்லிக் கேட்டதாகவே இருக்கவும் வாழ்த்தும்,

ஹோபர்ட் ராட்லிஃப்

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. ஓப்பல் இதைப் படிச்சுட்டா. "ஏன்யா ஹோபர்ட், உனக்கு மூளை பல்லோட சேந்து விழுந்துடுச்சா? பாஸ் ஆனாத்தானே லைசென்ஸ், லைசென்ஸ் இருந்தாத்தானே அந்தப் பொண்ணு ஜூன்ல இங்க டாக்டரா வர முடியும்?"ங்கறா. மிஸ் வெட்ஸல் அந்த வேலைக்கு எழுதிப் போட்டு ரெண்டு வாரம் ஆச்சாம். நிலையத்துல சரின்னுட்டாங்களாம். ஊருக்கே தெரியும். என்கிட்ட சொன்னா ஏலம் போட்டுடுவேன்னு யாரும் சொல்லலையாம். நான் குறி போட்ட தாள் ஒண்ணே ஒண்ணுதான், வெள்ளிக்குள்ள உங்ககிட்ட வந்து சேரலேன்னா அவங்க ஆறு வாரமே கணக்குல வராதாம், மையை அழிக்கவும் முடியலை. அதனால இப்படியே அனுப்பறேன். நாற்பத்தொரு வருஷம் சந்தையில நின்னவன் சொல்றேன் கேளுங்க. மாட்டை வாங்கியே தீரணும்னு முடிவு பண்ணினவன்தான் அதைச் சுத்திச் சுத்தி வந்து குறை சொல்லுவான், வாயைத் திறந்து பல்லைப் பாத்து உதட்டைப் பிதுக்குவான். வேண்டாதவன் பேசாம போயிடுவான். நான் நாலு பக்கம் குறை சொல்லியிருக்கேன். அந்தப் பொண்ணைப் பாஸ் போட்டுடுங்க. கதவுல இருந்த விளம்பரத்தை ஓப்பல் இன்னிக்குக் காலையிலேயே போய்ச் சுரண்டி எடுத்துட்டு வந்துட்டா, திரும்ப ஒட்டற நிலைமையில அது இல்லை.