முத்திரையில்லாத குதிரையும் என் மகளும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, உலான்பாத்தரிலிருந்து மருமகள் உயாங்கா வணங்கி எழுதுவது. கோடை நல்லபடியாகக் கழிகிறதா? மந்தை கொழுத்திருக்கிறதா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? பதில் தாமதமாகிவிட்டது. கோபம் ஆற இரண்டு வாரம் பிடித்தது.

அடுத்த நாதாம் திருவிழாக் குதிரைப் பந்தயத்தில் பேத்தி நோமின்தான் உங்கள் குதிரையை ஓட்டுவாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டீர்களாமே. மாட்டாள். ஐந்து வயதுப் பிள்ளை மாமா, மாடிப்படி இறங்கவே என் விரலைப் பிடிக்கிறாள். உங்கள் மகனோ, "குதிரையப் பாத்தா பயம் தெளிஞ்சிரும்" என்று, நம் நாட்டில் அழிந்துபோய், வெளிநாட்டு விலங்குக்காட்சிச் சாலைகளிலிருந்து திரும்பக் கொண்டுவந்துவிட்ட காட்டுக் குதிரைகளைப் பார்க்கக் காப்பகத்துக்கு அழைத்துப்போனார், யாருடைய பயம் என்று சொல்லவில்லை, வழியில் நோமின் இரண்டு முறை வாந்தி, நான் ஒரு முறை, கடைசியில் ஒரு சரிவில் அந்தக் காட்டுக் குதிரைகள் மேய்வதைக் கண்டதும் இவர் வழக்கப்படி முதலில் தொடையைத்தான் பார்த்தார், உடையவர் போடும் சூட்டு முத்திரையைக் காணோம், "யாரோ தொலைச்சிட்டான் போல, புடிச்சு வச்சா தேடி வருவான்" என்று அங்கிமேல் கட்டியிருந்த இடுப்புக் கச்சையை அவிழ்த்துச் சுருக்குப் போட்டுக்கொண்டு நடந்தார்! பொலிக்குதிரை காதை மடக்கிப் பாய்ந்தது. உங்கள் மகன் ஒற்றைப் பூட்ஸோடு திரும்பி ஓடிவந்தார்.

காப்பகக் காவலர் குதிரையில் விரைந்து வந்தார். "யோவ், அதுக்கு முத்திரையும் கிடையாது, முதலாளியும் கிடையாது!"

"முதலாளி இல்லாத குதிரை உண்டாய்யா?"

"இருக்குல்ல, உன்னையத் தொரத்துச்சே!"

"ஏறினா என்ன செய்யும்?" என்றாள் நோமின்.

"ஏற விடாது தாயி. யாருக்கும் அடங்காது."

கேட்டீர்களா மாமா? எத்தனையோ தலைமுறை கூண்டில் பிறந்து வளர்ந்தும் மாட்டேன் என்பதை அது மறக்கவில்லை. பட்டப்படிப்பு படித்த நான் மட்டும் மறப்பேனா? பந்தயமும் வேண்டாம், பதக்கமும் வேண்டாம். நீங்களே நேரில் வந்து நின்றாலும் என் பதில் இதுதான்.

உங்கள் கோடை பசுமையாகவும், குட்டிகள் ஓநாய் கண்ணில் படாமலும் இருக்கட்டும். அத்தைக்கு என் வணக்கம்.

உயாங்கா

பின்குறிப்பு: நான் பூட்ஸைத் தேடிய நேரத்தில் காவலர் நோமினைத் தன் குதிரையில் ஏற்றிவிட்டார். அலறிக்கொண்டே பின்னால் ஓடினேன். அவள் திரும்பிப் பார்த்து, "சத்தம் போடாதம்மா, குதிர பயப்படுது" என்றாள். நேற்று சும்மாதான் அளந்தேன்: அவள் தலைச்சுற்றளவு ஐம்பத்தொரு சென்டிமீட்டர். தலைக்கவசம் நல்லதாக வாங்குங்கள். எனக்கும் ஒன்று, ஐம்பத்தாறு. அவளைத் தனியாக ஓட்டவிட மாட்டேன்.