மருந்துக்கடைச் சண்டை

"இது மாத்திரையா, நெருப்புத் துண்டா?" ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் மாத்திரை அட்டையை மருந்துக்கடை மேசைமேல் அடித்தார். "முட்டிவலிக்குக் கேட்டா வயித்த எரிக்குது!"

வேலைதான் ஓய்வு பெற்றது. கோபம் இன்னும் பணியில் இருந்தது. முட்டித் தேய்மானம், வலி குறையாவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தியை நினைத்தாலே அவருக்கு உதறல். அந்தப் பயமும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

கடைக்காரர் அலட்டிக்கொள்ளாமல் வேறு மாத்திரை கொடுத்தார். "இது வயித்த ஒண்ணும் பண்ணாது ஐயா."

வயிற்றை ஒன்றும் பண்ணவில்லை. முட்டியையும் ஒன்றும் பண்ணவில்லை.

"உங்கள ஏமாத்திட்டான்," என்றாள் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே. "எதிர்வீட்டுக்காரருக்குக் களிம்பு குடுத்தானாம். மனுஷன் ஓடுறாராம்."

அவ்வளவுதான். செருப்பை மாட்டினார், மாடிப்படி இறங்கினார், நாலு தெரு தாண்டிப் போய்க் கத்தினார். களிம்பு கிடைத்தது. சுள்ளென்று எரிகிற களிம்பு. தடவிய கையாலேயே கண்ணைத் துடைத்துத் தொலைத்தார்.

"இதையெல்லாம் வீட்டுக்கே அனுப்ப மாட்டானாமா?" என்று கண்ணைக் கழுவிக்கொண்டே அலறினார்.

"கேட்டேனே. 'அவருக்கு வேற என்ன வேலை, வந்து வாங்கிக்கட்டும்'னு சொல்றான்."

மறுபடியும் செருப்பு, மாடிப்படி, தெரு.

"அப்படியா சொன்னே?"

"ஆமா, சொன்னேன்," என்றார் கடைக்காரர், கூசாமல்.

அந்தத் திமிருக்காகவே பரிசோதகர் தினமும் போய்த் திட்டிவிட்டு வந்தார். திட்டிய கையோடு புதிதாக ஒரு மருந்தும் வாங்கி வந்தார்.

ஒரு சாயங்காலம் எல்லா மருந்தையும் பையில் அள்ளிக்கொண்டு கடைக்குப் பாய்ந்தார். கல்லாவில் கடைக்காரரின் மனைவி மட்டும் இருந்தாள்.

"எங்கம்மா உன் புருஷன்? இன்னைக்கு டாக்டர் முட்டிய அமுக்கிப் பாத்துட்டு ஆபரேஷனே வேண்டாங்கிறாரு. இதுல எந்த மருந்து கேட்டுச்சு? எதைத் தொடர்றது, எதைத் தூக்கிப் போடுறது? ஒழுங்கா ஒரே மருந்தக் குடுத்திருந்தா எனக்கு இந்தக் குழப்பம் வருமா? கூப்பிடு அவன!"

அவள் பையை மெல்ல அவர் பக்கமே நகர்த்தினாள்.

"அவர் வரமாட்டார் ஐயா, டாக்டர் உங்கள இன்னும் கொஞ்சம் தூரம் நடக்க வைக்கச் சொன்னாராம், அதான் நாளையிலேருந்து உங்ககிட்டத் திட்டு வாங்குறதுக்கு ரயிலடி மருந்துக்கடைக்காரர ஏற்பாடு பண்ணிட்டாங்க உங்க வீட்டம்மா."