கூப்பன் சுற்றிய போண்டா

பாதி போண்டாவைத் தின்று முடித்த பிறகுதான் தனபால் அதைச் சுற்றியிருந்த காகிதத்தைப் படித்தார்.

'பெயர்: பூவாத்தாள். ஊர்: கிணத்துக்கடவு. திருமண நாள்: ஆவணி 14. போன்: 41327, பி.பி. எதிர்த்த மளிகைக் கடை, கூப்பிட்டால் வருவார்.'

மேலே சிவப்பு எழுத்தில், 'அன்னபட்சி ஜவுளி மாளிகை, போத்தனூர். தீபாவளி 2001 பம்பர் குலுக்கல்.'

மீதிப் பாதி கையிலேயே நின்றது.

தனபால் அதே அன்னபட்சியின் மேலாளர். நேற்றிலிருந்து வாடிக்கையாளர் தகவல் பாதுகாப்பு அதிகாரியும் அவர்தான். சரவணம்பட்டி கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வர்ஷினி என்ற பெண் வந்து மூன்று மணி நேரம் வகுப்பெடுத்தார். 'வாடிக்கையாளர் விவரத்தை என் சொந்தக் காரியத்துக்கு ஒருநாளும் பயன்படுத்தியதில்லை' என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். முடிவில், யார் அதிகமாகத் தலையாட்டினாரோ அவருக்குப் பதவியையும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பதவிக்கு வந்த முதல் வேலை, குடோனில் கிடந்த பழைய கூப்பன் மூட்டைகள் மூன்றையும் அழிப்பது. காகிதம் கிழிக்கும் மிஷின் நாலாவது கூப்பனிலேயே உயிரை விட்டது. தனபால் மூட்டைகளைப் பழைய பேப்பர் ஜபருல்லாவிடம் தள்ளிவிட்டார். அவர் எங்காவது கண்காணாத தூரத்துக்குக் கொண்டுபோவார் என்று நம்பினார். ஜபருல்லா ரோட்டைக் கடந்து, எதிரே இருந்த ரசாக் போண்டாக் கடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

தனபாலுக்கு வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பங்கு என்றால், வீட்டுப் பயம் இரண்டு பங்கு.

அந்தத் தீபாவளியில் அவருக்கு வயது இருபத்துநாலு, நின்றது கைக்குட்டை கவுண்டரில். கிணத்துக்கடவிலிருந்து மீட்டர்கேஜ் வண்டியில் தட்டச்சு வகுப்புக்கு வரும் ஒரு பெண், தினமும் ஒரே ஒரு கைக்குட்டை வாங்குவாள். வாங்கியதற்கு ஒரு கூப்பன் கிடைக்கும். அங்கேயே நின்று நிறுத்தி நிதானமாக நிரப்பிப் பெட்டியில் போடுவாள். பாவம், தீராத ஜலதோஷம் போல என்று தனபால் இரக்கப்பட்டார். ஒருநாள் கடை சாத்தும் நேரத்தில் பெட்டியைத் திறந்தார். மேலாகக் கிடந்த அவள் கூப்பனில் பெயரையும் விலாசத்தையும் மட்டும் பார்த்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து மூடிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியாக அவள் வீட்டு வாசலில் அவருடைய மொபெட் பஞ்சரானது. அவள் அப்பா சந்தைக்குப் போயிருந்தார். தண்ணீர் கேட்டார், கிடைத்தது. அந்தப் பஞ்சரைத்தான், பிற்பாடு அவர் மனைவியாகிவிட்ட அந்தப் புவனா இருபத்துநாலு வருஷமாகக் கடவுள் செயல் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒருமுறைகூடத் தும்மியதில்லை. அதையும் கடவுள் கணக்கிலேயே தனபால் சேர்த்துக்கொண்டார்.

"பாய், சட்டியில இருக்கற போண்டா அத்தனையும் எனக்கே குடுத்துப்போடுங்க."

ரசாக்கின் முகம் மலர்ந்தது. "கடையில விசேசமுங்களா?"

"ஆமாங்க. பேப்பர் மட்டும் வேண்டாங்க."

"அதெப்படிங்ணா வெறுங்கையில குடுக்கறது? நானென்ன நேத்துக் கடை போட்டவனா?"

அறுபது போண்டா, அறுபது தனித்தனிப் பொட்டலம். அதுவரை சட்டியில் நிர்வாணமாகக் கிடந்தவை இப்போது பெயர், ஊர், திருமண நாளோடு கூடையில் ஏறின. கூடை அன்னபட்சிக்குள் நுழைந்ததும் சேலைப் பிரிவுப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள்.

"அய், என்ற போண்டாவுல எங்க மாமன் பேரு!"

"என்றதுல ஒருத்தரு கல்யாண நாளே மறந்துபோச்சுன்னு எழுதியிருக்காருடி!"

தனபால் குடோனுக்குள் ஓடி வர்ஷினிக்குப் போன் போட்டார். "மேடம், ஒரு சந்தேகமுங்க. ஒருத்தரோட விவரம் வெளிய போயிருச்சுன்னா என்ன பண்ணோணுமுங்க?"

"உடனே அவங்களுக்கே தெரியப்படுத்தணும் சார். யாரோட விவரம்?"

"யாரோடதும் இல்லீங்க. கற்பனைங்க."

"நான் சாயங்காலம் வர்றேன் சார். கற்பனையாவே பார்த்துடலாம்."

எண்ணெய்க் காகிதத்தை விரித்து வைத்து, பழைய எண்ணுக்கு முன்னால், பிற்பாடு டெலிபோன்காரர்கள் கூட்டிய ஒரு ரெண்டைச் சேர்த்துப் போட்டார். மளிகைக் கடைக்காரர் எடுத்தார். யார், எங்கிருந்து, என்ன விஷயம் என்று முழுக்க விசாரித்தார். பி.பி. நம்பரின் ஆதிகால வழக்கம் அது. பிறகு ரிசீவரை மூடாமலேயே தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"பூவாத்தாக்கா! அன்னபட்சியில இருந்து போனு! தீபாவளிக் குலுக்கலாமா!"

பூவாத்தாள் வருவதற்குள் தெருவே வந்துவிட்டது. "கண்ணு, வண்டியெடுக்க நானே வரோணுமா, பேரன் வந்தாப் போதுமா?"

"அம்மணி, பரிசில்லீங்க, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நானே வாரேன்" என்று வைத்துவிட்டார்.

அந்தக் குலுக்கல் நடக்கவே இல்லை என்பது கடைக்குள் மட்டும் தெரிந்த ரகசியம். பரிசு மொபெட்டை ஓட்டிப் பார்க்கப் போன முதலாளியின் மச்சான், அதை வாய்க்காலுக்குள் விட்டுவிட்டார்.

நாலு மணிக்குப் பூவாத்தாளோடு அவர் தெருவையே ஏற்றிக்கொண்டு வேன் ஒன்று வந்தது. பின்னாலேயே, சேதி பரவி பஸ்ஸில் வந்தவர்கள், ஆட்டோவில் வந்தவர்கள். ஒவ்வொருவர் கையிலும் கூப்பனின் மறுபாதி. பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருபத்துநாலு வருஷம் கிடந்ததால் கடை முழுக்க அந்துருண்டை வாசம். பரிசு கேட்க வந்தவர்கள், உள்ளே நுழைந்ததும் பரிசை மறந்துபோனார்கள். "இந்த மரப்படியில உக்காந்துதான் என்ற கல்யாணப் பட்ட எடுத்தாங்க" என்று ஒருத்தி படியைத் தடவினாள். அந்தக் காலத்தில் எதிர்க் கவுண்டரில் நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டுச் சட்டைத்துணியை மறந்து போனவர், பார்த்த பெண்ணோடு வந்து அதே இடத்தில் நின்றார்.

பூவாத்தாள் போண்டாக் காகிதத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இது எங்கூட்டுக்காரரு எழுத்துங்க. அவரு போயிப் பதினோரு வருசமாச்சு. அவரு எழுதினது ஊட்டுல ஒண்ணுமே இல்லீங்க." எண்ணெயோடு நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மாடியிலிருந்து முதலாளி சுப்பண்ணன் இறங்கி வந்தார். வாசலில் வர்ஷினி. கைக்குட்டை கவுண்டர் ஓரம், கூட்டம் என்று கேள்விப்பட்டு வந்த புவனா.

"தனபாலு, என்னப்பா இது?" என்றார் சுப்பண்ணன்.

வர்ஷினி பொட்டலங்களைப் பார்த்தார், வில்லையைப் பார்த்தார். "சார், கவனக்குறைவைச் சரிபண்ணிடலாம். ஆனா இந்த விவரங்களை யாரும் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தலைன்னு இவங்க முன்னால நீங்க சொல்லணும்."

தலையாட்டினால் முடிந்திருக்கும். ஆட்டிப் பழகிய தலைதான். ஆனால் பூவாத்தாளின் பர்ஸ் கண்ணில் பட்டது. அதற்கப்பால் புவனா.

"ஒரே ஒரு கூப்பனுங்க" என்றார் தனபால். "விலாசம் மட்டுமுங்க. அதுக்கப்புறம் ஒருநாளும் பெட்டியத் தொடலீங்க. புவனா... அந்தப் பஞ்சரு கடவுள் செயலில்ல. ஆணிய நாந்தான் அடிச்சேன்."

சுப்பண்ணன் கையை நீட்டினார். தனபால் வில்லையைக் கழற்றி அதில் வைத்தார். புவனா குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. முகத்தை மூடியிருந்தது ஒரு கைக்குட்டை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக.

அப்போதுதான் ரசாக் மிச்ச மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"அண்ணா, இதுல முப்பத்தேழு கூப்பன்ல போண்டா மடிக்கவே மனசு வரலீங்க, அத்தனையும் புவனான்னு ஒரே பேரு, ஒரே கையெழுத்து, ஒவ்வொண்ணுக்கும் பின்னால 'கைக்குட்டை கவுண்டர்க்காரர் கவனத்துக்கு: ஞாயிற்றுக்கிழமை அப்பா சந்தைக்குப் போய்விடுவார்'னு எழுதியிருக்குதுங்க!"