ஆராய்ச்சிக்கு வாகான மனிதர்

ஆராய்ச்சி செய்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோளில் பை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு, எதையோ யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் வெயிலில் திரும்பி நடந்து வரும் முகம். அவர்களைப் பற்றி எழுதுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, அவர்களுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற இன்னோர் இனத்தைப் பற்றி. இந்த இனம் இல்லாவிட்டால் அந்த இனத்துக்குப் பட்டம் ஏது? ஆனாலும் பட்டமளிப்பு விழாவில் இவர்களுக்கு யாராவது நாற்காலி போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

அடையாளம் சுலபம். கேள்வி முடிவதற்கு முன்பே தலை ஆடும். கேட்டவர் முகம் மலர்ந்தால் இன்னும் வேகமாக ஆடும். முகம் வாடினால் பதில் மாறும். உடனே பொய்யர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சாமிக்குப் பயந்த சனம். வீட்டுக்கு வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதுதான் எண்ணமெல்லாம். காபி கொடுப்போம், முறுக்குக் கொடுப்போம், அந்தத் தட்டிலேயே அவர்களுக்கு வேண்டிய பதிலையும் வைத்துக் கொடுப்போம். ‘கொடுப்போம்’ என்று என் பேனாவும் அல்லவா சேர்ந்துகொள்கிறது! போகட்டும், மதுரை விளாங்குடி துளசிராமிடம் போவோம். அடி வாங்குவதற்கு அவர் இருக்கும்போது நான் எதற்கு?

துளசிராம் சௌராஷ்டிரக்காரர். வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம், வெளியே தமிழ். ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில் சேலை எடுத்துப் போடும் வேலைக்குச் சேர்ந்து, அதிலேயே தலை நரைத்தவர். வெள்ளை விரிப்பின் மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டு, பச்சையைப் பார்த்து ‘நீலம் நல்லா இருக்கே’ என்று ஓர் அம்மாள் சொன்னால், ‘ஆமாம்மா, இந்த நீலம் உங்களுக்குன்னே வந்தது’ என்று மடிப்பைப் பிரித்துக் காட்டுவார். சனிக்கிழமை தோறும் கூடலழகர் கோயில். நெற்றியில் நாமம். கோபம் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்பார். இப்படிப்பட்ட மனிதர் ஆராய்ச்சிக்காரர்கள் கண்ணில் பட்டால் விடுவார்களா?

எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு ஒரு நாள் யாராவது ஒரு பெரியவர் தேவைப்பட்டார். இவர் உட்கார்ந்து பதில் சொன்னார். அவள் தோழிகளிடம் சொன்னாள்: “ஆளு தங்கமானவருடி. நடுவுல எந்திரிச்சுப் போக மாட்டாரு. காபியும் உண்டு.” அவ்வளவுதான். அதன் பிறகு துளசிராமின் ஞாயிற்றுக்கிழமைகள் அவருடையவை அல்ல.

முதலில் மேலூரிலிருந்து அழகுபாண்டி என்ற பையன் வந்தான். பூர்வீகம் ஓரிடம், பேச்சு ஒன்று, பிழைப்பு இன்னோரிடம் என்று வாழ்கிறவர்களின் பண்பாட்டு அடையாளம் பற்றி அவன் ஆராய்ச்சி.

“ஐயா, உங்களுக்குக் கனவு எந்த மொழியில வரும்?”

துளசிராம் திகைத்துப்போனார். அவருடைய கனவில் வருகிறவர்கள் எல்லோரும் சேலை வாங்க வருகிறவர்கள். தமிழில்தான் விலையைக் குறைக்கச் சொல்வார்கள். ஆனால் பையன் கண்ணில் ஓர் ஆசை மின்னியது. அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறான்.

“எங்க வீட்டுப் பேச்சுலதான் தம்பி. சாமி கூட அதுலதான் பேசும்.”

அழகுபாண்டிக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த மாதம் அதே துறையிலிருந்து இன்னொரு பிள்ளை வந்தாள். எல்லாரும் மதுரையோடு கலந்துவிட்டார்கள் என்பது அவள் கட்சி. அவளிடம் துளசிராம், “கனவா? அது சுத்தத் தமிழ்ம்மா, அதுவும் மதுரைத் தமிழு” என்றார். ஒரே வாயிலிருந்து இரண்டு ஆராய்ச்சி முடிவுகள் புறப்பட்டுப் போய், ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் பட்டம் கிடைக்கும். ஏன் கிடைக்காது?

பிறகு ரோகிணி வந்தாள். குடும்பத்தில் ஆணுக்கு என்ன இடம், பெண்ணுக்கு என்ன இடம் என்பது அவளுடைய ஆராய்ச்சி.

“வீட்டுல முக்கியமான முடிவெல்லாம் யாரு எடுப்பீங்க?”

“ரெண்டு பேரும் கலந்துதாம்மா.”

ரோகிணியின் பேனா அசையவில்லை. எல்லா வீட்டிலும் இதையே கேட்டுச் சலித்திருந்தாள் போலிருக்கிறது. துளசிராமுக்கு மனசு கேட்கவில்லை. “ஆனாலும் பார்த்தீங்கன்னா, கடைசியில என் பேச்சுதான் நிக்கும்” என்றார். பேனா ஓடியது. அடுத்து அவள், வீட்டு வேலையில் ஆண்கள் பங்கெடுக்க வேண்டுமா என்று ஆசையோடு கேட்டாள். “பின்னே? பாத்திரமெல்லாம் நான்தாம்மா கழுவுறேன்.”

அடுப்படியிலிருந்து அவர் மனைவி கனகலட்சுமி தலையை நீட்டினாள். “எந்தப் பாத்திரம்?”

துளசிராம் காபி தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோகிணி அந்த அம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு வைத்துக் கேட்டாள். தனியாக என்றால், துளசிராம் வாசல்படியில் நின்றுகொண்டு ‘பார்த்துச் சொல்லு கனகம்’ என்று சாடை காட்டும் அளவுக்குத் தனியாக.

“அவரு முடிவு எடுத்து நான் பார்த்ததே இல்லம்மா” என்றாள் கனகலட்சுமி. “யாரு கடைசியாப் பேசுறாங்களோ, அவங்க சொன்னதுதான் அவரு முடிவு. இப்ப நீ பேசிக்கிட்டு இருக்க. நீ எந்திரிச்சுப் போனதும் நான் பேசுவேன்.”

ரோகிணியின் முகம் இந்தப் பதிலுக்கு மலர்ந்தது போல் வேறு எந்தப் பதிலுக்கும் மலரவில்லை என்பதைத் துளசிராமும் கவனித்தார். கவனித்து என்ன செய்ய?

இதுவரை யாருக்கும் நஷ்டம் இல்லை. கனவுக்குக் காய்ச்சல் வரப்போவதில்லை. கழுவாத பாத்திரம் காலைக் கடிக்கப்போவதில்லை. சோழவந்தானிலிருந்து ரம்யாஸ்ரீ வந்த அன்றைக்குத்தான் விஷயம் வேறு திசையில் போனது.

ரம்யாஸ்ரீயின் ஆராய்ச்சி செல்லைப் பற்றியது. “உடம்புக்குச் செங்கல் மாதிரி ஐயா, செல்லு. புண்ணு வந்தா அதை மூடுறதுக்குன்னே சில செல்லுங்க ஓடி வரும். சுகர் இருக்கிறவங்களுக்கு அதுங்க மந்தமாயிடுது. அது ஏன்னு பார்க்கிறேன். ரெண்டு வாரம் கழிச்சு வந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கிட்டுப் போவேன்” என்று அவள் பொறுமையாக விளக்கினாள். மறுநாள் கடையில், பக்கத்துப் பிரிவு மொக்கைச்சாமியிடம் துளசிராம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “என் ரத்தத்தை வச்சு ஊருக்கே மருந்து கண்டுபிடிக்கப் போறாங்கடா” என்றார்.

“உங்க ரத்தத்துல காபிதானேண்ணே ஓடுது?” என்றான் அவன்.

ஓடியது காபி மட்டும் இல்லை. அங்கேதான் இருக்கிறது வினை. துளசிராமுக்குச் சர்க்கரை உண்டு. டாக்டர் சொல்லியிருக்கிறார், மாத்திரை அலமாரியில் இருக்கிறது, கனகலட்சுமி சத்தம் போடும் நாட்களில் ஒன்று வாய்க்குள் போகும். முதல் நாளே இதை ரம்யாஸ்ரீயிடம் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் பெருமூச்சு விட்டுவிட்டாள்.

“சுகர் இருக்கிறவங்க எம்புட்டுப் பேரு வேணும்னாலும் கிடைக்கிறாங்க ஐயா. ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு, இந்த வயசுல சுகர் இல்லாதவங்கதான் கிடைக்கவே மாட்டேங்குறாங்க. அது கிடைக்காட்டி என் படிப்பே நின்னுடும். உங்களுக்கு இருக்கா?”

பிள்ளை முகத்தைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது.

“இல்லம்மா” என்றார் துளசிராம்.

அடுப்படியில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது. விழுந்ததா, போடப்பட்டதா என்பது கனகலட்சுமிக்கும் பெருமாளுக்கும் வெளிச்சம்.

“ஏங்க, அந்தப் பிள்ளைகிட்டப் போயி இப்படி வாய் கூசாமச் சொன்னீங்களே?” என்று, ரம்யாஸ்ரீ படியிறங்கியதும் அவள் பிடித்துக்கொண்டாள்.

“பொய்யாப் போனாத்தானே பாவம்? அவ வர்றதுக்குள்ள மெய்யாக்கிட்டாப் போச்சு” என்றார் இவர்.

நம் இனத்தின் மூளையை இந்த இடத்தில் நீங்கள் மெச்ச வேண்டும். சொன்ன பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரியாது. அதை உண்மையாக்கப் பட்டினி கிடப்போம். விருந்தாளி வருவதற்கு முன் வீட்டை ஒட்டடை அடிப்பதைப் போலத் துளசிராம் தன் ரத்தத்தை ஒட்டடை அடிக்கத் தொடங்கினார். விடியும்போது பாகற்காய்ச் சாறு. மதியம் அரைக் கவளம். சாயங்காலம் கோயில் பிராகாரத்தைச் சுற்றோ சுற்று என்று வெறுங்காலோடு சுற்றல். சனிக்கிழமை பட்டர் கையில் வைத்த சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்துவிட்டார். மாத்திரையையும் அந்த நாட்களில் ஒன்று விடாமல் போட்டார். அடடா, ஆராய்ச்சியால்தான் மனிதனுக்கு எத்தனை நன்மை!

ரம்யாஸ்ரீ ஒரு நர்ஸம்மாளோடு காலையிலேயே வந்துவிட்டாள். விரலில் குத்திப் பார்த்தார்கள். அளவு நல்லபடியாக இருந்தது. துளசிராம் பெருமாளை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இது இன்னைக்கு நிலவரம்தான் ஐயா. நரம்புல எடுக்கிற ரத்தத்தை லேபுக்குக் கொண்டு போனா, மூணு மாசமா எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடும்.”

“மூணு மாசமாவா?” துளசிராம் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.”

அவள் சிரித்தாள். வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துவிட்டாள். பிறகு, தூரிகை போன்ற ஒரு பிடியில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று ஒட்டியிருந்ததை எடுத்தாள். சர்க்கரை இருந்தால் பாதம் மரத்துப்போகுமாம்; அதனால் உணர்ச்சி இருக்கிறதா என்று எல்லோருக்கும் பார்க்கிற சோதனையாம். காலை ஸ்டூலில் நீட்டி, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தொடும்போது ‘படுது’ என்று சொல்ல வேண்டும். இதைவிடச் சுலபமான கேள்வியைத் துளசிராம் அதுவரை கண்டதில்லை.

“படுதும்மா” என்றார். “படுது.” கொஞ்சம் இடைவெளி விட்டு, “இதோ, இப்பவும் படுது.” பிள்ளைக்குச் சிரமம் இருக்கக் கூடாதென்று வேகத்தைக் கூட்டினார். “நல்லாவே படுதும்மா.”



“ஐயா,” என்றாள் ரம்யாஸ்ரீ மெதுவாக, “நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கல.”

துளசிராம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவள் இப்போது உண்மையாகவே தொட்டாள். கட்டை விரலில், நடுப்பாதத்தில், ஓரத்தில். ஒவ்வொரு முறையும் “இப்ப?” என்று கேட்டாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினார். உடம்பின் அந்தப் பகுதியில் தட்டிப் பார்த்தால் யாரும் கதவைத் திறக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு கேள்விக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

“இங்க என்ன, ஜிகினாவா?” என்று நர்ஸம்மாள் குனிந்தாள். குதிகாலில் மினுங்கிய வெள்ளிப் புள்ளியை நகத்தால் நிமிண்டியவள், கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். குண்டூசி. சேலை மடிப்பில் குத்துகிற குண்டூசி, தலை வரைக்கும் உள்ளே போயிருந்தது. சுற்றிலும் நீலம் பாரித்திருந்தது.

“எப்ப ஏறுச்சுங்க ஐயா?”

துளசிராம் ரம்யாஸ்ரீயைப் பார்த்தார், நர்ஸம்மாளைப் பார்த்தார், எந்தப் பதில் சொன்னால் இவர்கள் முகம் மலரும் என்று தேடினார். எதுவும் அகப்படவில்லை.

“எனக்குப் படவே இல்லம்மா” என்றார். “சுகர் இருக்கும்மா எனக்கு. நிறைய நாளா இருக்கு.”

கனகலட்சுமி ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் ஊசியை எடுத்தார்கள், சீழும் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் பாதத்தோடு எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். கட்டிலில் படுத்துக்கொண்டு துளசிராம் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. பார்க்க வந்த ரம்யாஸ்ரீயிடம், “உனக்கு ஒரு ஆளு குறைஞ்சு போச்சேம்மா” என்றார்.

“அந்தப் பக்கம் குறைஞ்சவரு இந்தப் பக்கம் கூடிட்டீங்க ஐயா, அது பரவாயில்ல” என்றாள் அவள். முகம் மட்டும் வெளுத்திருந்தது. “சுகர் இல்லைன்னு சொன்ன மத்தவங்க காலையும் இப்ப ஒவ்வொருத்தரா எடுத்துப் பார்க்கணும். எல்லாரும் உங்களை மாதிரியே காபி குடுத்துத்தான் அனுப்புனாங்க.”

“பாரும்மா, பாரு” என்று துளசிராம் தலையாட்டினார். கனகலட்சுமி முறைத்ததும் தலை நின்றது.

இப்போது உங்களிடம் வருகிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டு, ‘பாவம், வெகுளி’ என்று சிரிக்கிறீர்கள். சரி, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? குழம்பு எப்படி இருக்கிறது என்று சம்பந்தி வீட்டில் கேட்டபோது? தூக்கம் வருகிறதா, உடம்பு தேவலையா என்று ஊரிலிருந்து பிள்ளை போனில் கேட்டபோது? அதனால், இந்த எழுத்து உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தலை ஆட ஆரம்பித்துவிட்டதே!