சளியில் கண்ட சிவப்பு ஜோடி

ஒன்றும் தெரியாதவனால் ஊருக்கு ஆபத்தில்லை. கொஞ்சம் தெரிந்தவன்தான் ஆபத்து. (எனக்கு மூன்று மாதப் பயிற்சி.)

அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டு போட்டதும், டாக்டரே எனக்கு உதவியாள் என்று நினைப்பு.

ஒருநாள் ஆரம்பாக்கத்து விவசாயி முனுசாமி காய்ச்சலும் இருமலுமாக வந்து படுத்தார். அவர் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, கிராம் சாயம் ஏற்றினேன். முதலில் ஊதா, பிறகு அயோடின், அப்புறம் ஸ்பிரிட்டில் கழுவி, கடைசியில் சிவப்பு. ஸ்பிரிட் சில விநாடி போதும்; கூடினால் நிற்க வேண்டிய ஊதாவும் போய், எல்லாம் சிவப்பாகிவிடும். நானோ ஜன்னலில் தெரிந்த ரயிலைக் கடைசிப் பெட்டிவரை வழியனுப்பிவிட்டுத்தான் பாட்டிலை நிமிர்த்தினேன்.

மைக்ராஸ்கோப்பில் ஜோடி ஜோடியாக உருண்டைகள். அத்தனையும் சிவப்பு! சிவப்பு ஜோடி என்றால் மேகவெட்டை என்ற பால்வினை நோய் என்று மனப்பாடம் செய்திருந்தேன். அது சளியில் எப்படி வரும் என்று மாடு மேய்ப்பவன்கூட யோசித்திருப்பான்.

வாசலில் அவர் மனைவி ராஜம்மா. "இன்னா வியாதி தம்பி?"

"கண்ட எடத்துக்குப் போனா வர்றதும்மா," என்றேன் ரகசியமாக. (ரகசியம் வார்டு முழுக்கக் கேட்டது.)

"யோவ்! உரம் வாங்கப் போறேன்னு போய்க்கினு இருந்தது இதுக்குத்தானா?"

"சத்தியமா இல்லமே!" என்று இருமலுக்கு நடுவே அலறினார் முனுசாமி. அந்தம்மா பெரியபாளையத்து அண்ணன் வீட்டுக்கே மூட்டையைத் தூக்கிவிட்டார்.

சத்தம் கேட்டு வந்த லேடி டாக்டர் தானே மறுபடி சாயம் ஏற்றிப் பார்த்தார். ஊதா.

"இது நிமோனியாக் கிருமி. சாயத்தைக் கழுவச் சொன்னா, அந்த மனுஷன் மானத்தையே கழுவிட்டியே! ஓடு, அந்தம்மாவக் கூட்டிட்டு வா."

ஓடினேன். கிளம்பப் போன பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கத்தினேன்: "அம்மா, உங்க ஊட்டுக்காரருக்கு அந்த வியாதி இல்லீங்க!"

"எந்த வியாதி?" என்றார் கண்டக்டர், அக்கறையாக. அதுவரை ஒன்றும் தெரியாத ஐம்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜம்மா இறங்கி, மூட்டையாலேயே என் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் புருஷனிடம் போனார். பெனிசிலினில் முனுசாமி பிழைத்தார். நான்தான் பிழைக்கவில்லை. கதை பரவி, அந்த ரயில் பாதையில் ஒரு ஊரிலும் எனக்குப் பெண் கொடுக்கவில்லை. செங்கல்பட்டுவரை போய்த்தான் கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் பேரன் இரண்டு தும்மல் போட்டால் போதும், என் மனைவி சொல்வாள்: "தாத்தாகிட்ட காட்டாதடா. உனக்குக் கல்யாணம் ஆகணும்."