திருவண்ணாமலைக்கு வைஸ் வந்த வரலாறு

ரூபாய் ஏழாயிரத்து அறுநூற்று ஐம்பது. உலகக் கடல்மீன் பிடிப்பின் வரலாற்றை என்றாவது யாராவது நேர்மையாக எழுதினால், முதல் வரியில் இந்தத் தொகையைத்தான் போட வேண்டும். 'அருணை அனைத்துலக உப்புநீர் ஈ கட்டுவோர் மன்றம்' எனக்குத் தர வேண்டிய கூலி அது. மற்றவர்களுக்குப் பங்காளி கடன்பட்டிருப்பான், மச்சான் கடன்பட்டிருப்பான். எனக்கு அனைத்துலகமே கடன்பட்டிருந்தது. அடி அண்ணாமலையில் வேறு எந்தக் கட்டட வேலையாளுக்கும் இந்தப் பெருமை கிடைத்ததில்லை.

ஈ கட்டுவது என்றால் என்ன என்று கேட்பீர்கள். வியாபாரம் இல்லாத கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார்களே, அது வேறு. அது நம் ஊரில் எல்லோருக்கும் கைவந்த தொழில். ஈ கட்டுவது வெளிநாட்டுக் கலை. தூண்டில் முள்ளின்மேல் இறகு, நூல், ஜிகினா எல்லாம் சுற்றிக் கட்ட வேண்டும். மீனின் கண்ணுக்கு அது ஓர் ஈயைப் போலவோ குட்டி மீனைப் போலவோ தெரியும். மீன் ஏமாந்து கவ்வும். ஆற்று மீனுக்குச் சின்ன முள். கடல் மீனுக்கு அரிவாள் மாதிரி வளைந்த பெரிய முள். கட்டுகிற நேரத்தில் முள் அசையாமல் இருக்க, அதைக் கவ்விப் பிடிக்க ஓர் இரும்புச் சாமான் வேண்டும். அதன் பெயர் வைஸ்.

கடலுக்கும் திருவண்ணாமலைக்கும் என்ன சம்பந்தம் என்று சில சின்ன புத்திக்காரர்கள் கேட்டார்கள். பஸ் ஏறி இரண்டு தூக்கம் போட்டு எழுந்தால்தான் கடல் வரும், உண்மைதான். மன்றத்தின் மேன்மையே அங்குதான் இருக்கிறது. கடல் பக்கத்தில் இருந்தால் மீன் மாட்டும். மீன் மாட்டினால் பாவம் சேரும். "முள் உண்டு, மீன் இல்லை. இதுவே உயர்ந்த நிலை" என்று மன்றத் தலைவர் முருகையன் ஐயா கண்ணை மூடிக்கொண்டு விளக்கினார். ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த மூன்று வெள்ளைக்காரர்களும் இரண்டு பெங்களூர்க்காரர்களும் நின்ற இடத்திலேயே பணம் கட்டினார்கள். வகுப்பின் பெயர் 'ஈ தியானம்'.

முருகையன் ஐயா லேசுப்பட்டவர் அல்ல. ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளை நகர விடாமல் பிடித்து வைத்திருந்து, பிரியாவிடை விருந்தோடு ஓய்வு பெற்றவர். செயலாளர் அருண்பிரசாத் இளைஞர். பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டில் இருந்தபடியே பார்க்காமல் இருப்பவர். ஈ கட்டும் கலையைச் செல்போனில் பார்த்துக் கரைகண்டவர் அவர்தான்.

செங்கம் ரோட்டில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். வைஸ் வைப்பதற்கு அங்கே ஒரு சிமெண்ட் மேடை கட்ட வேண்டும் என்றார்கள். மணலும் ஜல்லியும் என் தலைமேல் ஏறி மாடிக்குப் போயின. மேடை எழுந்தது. அது காய்ந்த பிறகு போய் நின்றேன்.

"ஐயா, மேடை நல்லாக் காஞ்சிடுச்சு. கூலி குடுத்தீங்கன்னா..."

"காசி, உன் கூலி எந்தத் தலைப்புல வருதுன்னு தெரியுமாப்பா?"

"கூலின்னுதானுங்க வரும்."

"தப்பு. 'வைஸ் மற்றும் அது சார்ந்த செலவினம்'ல வருது. மொதல்ல வைஸ் தேர்வாகணும். ரெண்டாவது, அது மேடை மேல ஏறி உக்காரணும். மூணாவது, மேடை தாங்கணும். அப்பறம்தான் பில்லு."

ஐம்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தவன் நான். அதில் 'ஈ' எனக்கு மிகவும் பிடித்த எழுத்து. ஒற்றை எழுத்தே முழு வார்த்தை, கூட்டிப் படிக்கிற வேலை இல்லை. அந்தப் படிப்பின் தைரியத்தில் ஒரு கேள்வி கேட்டேன்.

"இது ஈ மன்றம்தானுங்களே? ஈன்னா 'குடு'ன்னும் ஒரு அர்த்தம் இருக்குதுன்னு சிந்துஜா டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க."

"அது இலக்கணம்" என்றார் ஐயா. "இது நிர்வாகம்."

எவ்வளவு தெளிவு! படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

வீட்டுக்கு வந்து திரௌபதியிடம் இந்தத் தெளிவைப் பகிர்ந்துகொண்டேன். என் மனைவி பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போடுகிறவள். அந்த ஓர் இரவு வியாபாரம்தான் எங்களுக்கு மாதம் முழுக்க அரிசி. மாவரைக்கும் கிரைண்டர் புகைந்துபோய், முருகவேலின் ரிப்பேர் கடையில் கிடந்தது. சரிசெய்து வைத்துவிட்டான். காசு கொடுத்தால்தான் எடுக்க விடுவான்.

"பௌர்ணமிக்குள்ள கிரைண்டர் வரலன்னா வர்ற ஜனத்துக்கு நான் இன்னாத்தய்யா அவிச்சுப் போடறது? உன் மன்றத்து ஈயையா?"

"வைஸ் வந்ததும் குடுத்துடுவாங்க."

"யாரு அந்த வைஸு? எந்த ஊரு ஆளு?"

"ஆளில்லடி. சாமானு."

"சாமானு வந்து எதுக்கு உனுக்குக் கூலி குடுக்குது?"

பெண்களுக்கு நிர்வாகம் புரிவதில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் நான் புரிந்த மாதிரி தலையாட்டக் கற்றிருந்தேன்.

முதல் வைஸ் தபாலில் வந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே பாக்குவெட்டி அளவுக்கு ஒன்று இருந்தது.

"படத்துல பெருசா இருந்துச்சு சார்" என்றார் அருண்பிரசாத்.

"படத்துல எல்லாமே பெருசாதான் இருக்கும். மாட்டிப் பாருங்க."

மாட்டினார். பெரிய முள்ளை அந்தச் சின்னத் தாடை கொஞ்ச நேரம் மரியாதைக்குப் பிடித்துக்கொண்டிருந்தது. வகுப்புக்கு வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் நூலை இழுத்ததும் முள் 'விர்'ரென்று பறந்து, முருகையன் ஐயாவின் காதோரமாகப் போய், சுவரில் இருந்த நாள்காட்டியில் குத்தி நின்றது. சரியாகப் பௌர்ணமித் தேதியில். வெள்ளைக்காரர்கள் கை கூப்பினார்கள். நான் அந்தத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

இரண்டாவது, உள்ளூர் வைஸ். முருகவேலின் கடையிலிருந்தே இரவலாக வாங்கினார்கள். இரும்பை அறுக்கும்போது கவ்வுகிற சாமான், ஒரு சின்னக் கன்றுக்குட்டியின் கனம். தோளில் வைத்து மாடிக்கு ஏற்றியது நான். அந்தக் கூலியைக் கேட்டபோது, அது 'சேவை' என்ற தலைப்பில் வரும் என்றும், அந்தத் தலைப்பில் நிதி ஒதுக்குவதில்லை என்றும் சொன்னார்கள். அருண்பிரசாத் முள்ளை வைத்துத் திருகினார். இன்னும் கொஞ்சம் திருகினார். 'டக்'.

"உடைஞ்சிடுச்சு சார்."

"பிடி எப்படி?"

"பிடி நல்லாப் பிடிச்சுது சார். முள்ளுதான் இல்ல."

ஆகவே ஒரு வைஸ் விட்டுவிடுகிறது, ஒரு வைஸ் கொன்றுவிடுகிறது. இந்தப் பேருண்மையை மன்றம் தீர்மானமாக நிறைவேற்றியது. மூன்றாவதாக நாற்பதாயிரம் ரூபாய் விலையில் வெளிநாட்டு வைஸ்கள் சில இருந்தன. அவற்றின் படங்களை வைத்து ஞாயிற்றுக்கிழமை வெளிப்படையாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது. அருண்பிரசாத் அறிவிப்பு எழுதினார். வாசலில் ஒட்டியது நான். பசையும் சேவைதான். ஒட்டிவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன்:

'வைஸ் தேர்வு. ஞாயிறு காலை. தகுதிகள்: எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவ்வ வேண்டும். கவ்வியதை விடக் கூடாது. தாடை அகலமாகத் திறக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்ப வேண்டும். துருப்பிடிக்கக் கூடாது. அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும்.'

ஞாயிறு காலை மன்றம் கூடியபோது, படியில் தடதடவென்று சத்தம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வல்லரசு அண்ணன் மேலே வந்தார். பின்னால் பத்துப் பேர். ஒருவன் கையில் ரோஜா மாலை. வார்டு தேர்தலில் நின்று, உட்கார்ந்து, மறுபடி நின்று, எந்தப் பதவியும் கிடைக்காமல் பொறுப்போடு காத்திருந்தவர் அவர்.

"வணக்கம். வைஸுக்கு நான் நிக்கிறேன்."

"அண்ணா," அருண்பிரசாத் குறுக்கிட்டார், "இது வைஸ் பிரசிடெண்ட் இல்லிங்க. வைஸ்னா முள்ளைக் கவ்வுற..."

"தம்பி, வாசல்ல போட்ட தகுதி எல்லாம் படிச்சிட்டுதான் வந்திருக்கேன். முள்ளு இன்னா முள்ளு, ஏரிப் பொறம்போக்கையே கவ்வியிருக்கேன். விட்டனா?"

"விடல!" என்றார்கள் பத்துப் பேரும்.

"எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பணும்னு போட்டிருக்கீங்க. மூணு கட்சி திரும்பியாச்சு."

"தாடை..." என்று ஆரம்பித்தார் அருண்பிரசாத். அண்ணன் வாயைத் திறந்து காட்டினார். மன்றமே குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

"துருப்பிடிக்கக் கூடாதுன்னு..."

"வாரத்துல ரெண்டு நாள் எண்ணெ தேச்சிக் குளிக்கிறேன்."

"அடிப்பாகம்..."

அண்ணன் திரும்பி நின்றார். மேற்கொண்டு விசாரணை தேவைப்படவில்லை.

முருகையன் ஐயா செயலாளரின் காதில் கேட்டார், "வெளிநாட்டு வைஸ் நாப்பதாயிரமா?"

"ஆமா சார்."

"இவரு?"

"மாலை கூட அவரே எடுத்துட்டு வந்திருக்காரு சார்."

தேர்வு ஒருமனதாக நடந்தது. அண்ணனைத் தூக்கி மேடைமேல் உட்கார வைத்தார்கள். நான் குனிந்து மேடையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு விரிசல் இல்லை. கையில் பெரிய முள்ளைக் கொடுத்தார்கள். அதே பெங்களூர்க்காரர் இறகை வைத்து நூலைச் சுற்றினார். அவசரத்தில் அண்ணனின் கட்டைவிரலையும் சேர்த்தே சுற்றினார். விரல் நீலமாக மாறியது. அண்ணன் அசையவில்லை. கையை எடுத்தால் பதவி போய்விடும் என்ற கவலை முகத்தில் தெரிந்தது. எப்பேர்ப்பட்ட பிடி!

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று முன்னால் போனேன்.

"ஐயா, வைஸ் தேர்வாயிட்டாரு. மேடை மேல ஏறி உக்காந்துட்டாரு. மேடையும் தாங்குது. பில்லு?"

முப்பது வருட அனுபவத்தில் முதல் தடவையாக முருகையன் ஐயாவுக்கு விதி ஒன்றும் அகப்படவில்லை. மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"நியாயம்தான் சார். சொன்ன மூணும் ஆயிடுச்சு" என்றார் அருண்பிரசாத். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேன். முருகவேலின் கடை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் திறந்திருக்கும் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஐயா குனிந்து அண்ணனின் காதில் விஷயத்தைச் சொன்னார். அண்ணனின் முகம் மலர்ந்தது. நூல் கட்டிய கையாலேயே மைக்கை வாங்கினார்.

"பெரியோர்களே! இப்பதான் கேள்விப்பட்டேன். ஏழாயிரத்தி அறுநூத்தி அம்பது ரூபா கடன் இந்த மன்றத்தைப் போட்டு அழுத்துது. வைஸா வந்து என்னோட மொத கையெழுத்து இது! அந்தக் கடன் முழுசும்... தள்ளுபடி!"

மாடி அதிர்ந்தது. பத்துப் பேரும் விசிலடித்தார்கள். வெள்ளைக்காரர்களும் தட்டினார்கள். நானும் தட்டினேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன், 'தள்ளுபடி' என்ற வார்த்தை காதில் விழுந்தால் கை தானாகத் தட்டும். நாலைந்து தட்டுக்குப் பிறகுதான் அது எந்தக் கடன் என்று உறைத்தது.

"அண்ணே, கடன் நான் வாங்கலிங்க. எனுக்குத்தான் வரணும்."

"யாருக்கு வந்தா இன்னாப்பா? கடன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப இல்ல. இனிமே எப்ப வரும், எப்ப வரும்னு ராத்திரியெல்லாம் முழிச்சிட்டுக் கெடக்க வேணாம் பாரு. போய் நிம்மதியாத் தூங்கு."

என்மேல் இவ்வளவு அக்கறை இதுவரை யாரும் காட்டியதில்லை. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வைஸ் ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம், நடுவில் நான். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். சிரித்தேன். போட்டோ முடிந்ததும், சாயங்காலம் வேறொரு விழா இருப்பதாகச் சொல்லிப் பொன்னாடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பௌர்ணமி வந்தது. கிரைண்டர் வரவில்லை. இட்லிப் பானை கவிழ்ந்தே கிடக்க, திரௌபதி ஒரு குண்டானில் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு பாதையோரம் உட்கார்ந்தாள். ஜனம் நிற்கும், "இட்லி இல்லியாம்மா?" என்று கேட்கும், அடுத்த கடைக்குப் போகும். எங்களுக்கு எதிரில், விளக்குக் கம்பத்தில், ஆளுயரத்துக்கு ஒரு பேனர். அதில் மூவரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

"யோவ்" என்றாள் திரௌபதி. அவளுக்கு எழுத்துத் தெரியாது. "உன் மூஞ்சிக்குக் கீழ மட்டும் தனியா இன்னாவோ போட்டிருக்குதே, இன்னாய்யா அது?"

கிட்டே போய் எழுத்துக் கூட்டினேன். "ப... ய... னா... ளி. பயனாளி காசி."

"அப்படின்னா?"

பெரிய வார்த்தை வந்தால் பிரித்துப் படிக்கச் சொல்லியிருந்தார் டீச்சர். பிரித்துப் பார்த்தேன்.

"பயன் அவங்களுது" என்றேன். "ஆளு நானு."